வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளைக் கொஞ்சம் தாமதமாக அனுப்புகிறேன்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம். வெள்ளிக்கிழமை பிள்ளைகளுக்கு வானத்தில் விண்வெளி நிலையம் போவதைக் காட்டப்போகிறேன், இந்த யோசனை எப்படி வந்தது என்று முதலில் சொல்கிறேன்.

மழை ஆரம்பித்துவிட்டால் என் போனுக்கு ஓய்வே கிடையாது. "சார், நாளைக்கு லீவா?" லீவு விடுவது கலெக்டர், நான் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் அடுத்த போன் வந்துவிடும். போன வாரம் இதை எட்டாம் வகுப்பில் சொல்லிப் புலம்பிவிட்டு, சரி, மேகத்தை நாமே பார்த்துவிடுவோம் என்று வானிலைத் துறையின் இன்சாட் செயற்கைக்கோள் படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். வங்காள விரிகுடாவுக்கு மேலே வெள்ளை வெளேரென்று மேகக்கூட்டம். ஒரு பையன் கேட்டான்: "இதைப் படம் எடுக்குறது அங்கேயே நிக்குதே, ஏன் சார் கீழ விழல?"

விழுந்துகொண்டேதான் இருக்கிறது என்றேன். ஒருத்தரும் நம்பவில்லை. மாடி வராந்தாவிலிருந்து ஒரு ரப்பர் பந்தை முதலில் சும்மா விட்டேன், அப்புறம் மெதுவாக எறிந்தேன், அப்புறம் கை வலிக்க எறிந்தேன் (பந்து வேலி தாண்டிப் போனது, எடுத்துக் கொடுத்தவருக்கு நன்றி). காற்று தடுக்காவிட்டால் எந்தப் பொருளும் முதல் நொடியில் சுமார் 5 மீட்டர் விழும். பூமி உருண்டை, அதனால் 8 கிலோமீட்டர் தள்ளிப் போனால் தரையும் சுமார் 5 மீட்டர் சரிந்திருக்கும். ஆக, காற்று தடுக்காத உயரத்தில் நொடிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்தால், அது விழ விழத் தரையும் விலகிக்கொண்டே போகும். செயற்கைக்கோள் சுற்றுவது இவ்வளவுதான்.

2024 பிப்ரவரியில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன இன்சாட்-3டிஎஸ் இருப்பது சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில். அங்கே நொடிக்கு 3 கிலோமீட்டர் வேகமே போதும், ஒரு சுற்றுக்கு ஒரு நாள் ஆகும், பூமியும் அதே நேரத்தில்தான் சுழல்கிறது, அதனால் நம் கண்ணுக்கு நிற்கிற மாதிரி இருக்கிறது. உங்கள் வீட்டு டிஷ்ஷை ஒரு தடவை திருப்பி வைத்தால் போதும் என்பதும் இதனால்தான். காக்கா அசைத்துவிட்டால் நான் பொறுப்பில்லை.

ரிசோர்ஸ்சாட்-2 என்கிற செயற்கைக்கோள் வேறு மாதிரி. 817 கிலோமீட்டர் உயரத்தில் துருவத்துக்குத் துருவம் ஓடுகிறது, கீழே பூமி திரும்பத் திரும்ப ஒவ்வொரு சுற்றிலும் வேறு பட்டையைப் படம் பிடிக்கிறது. அந்தப் படத்தில் நம் வயலெல்லாம் செக்கச்செவேல்! பிள்ளைகள் பதறிவிட்டார்கள். பச்சை இலை நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை நிறையத் திருப்பி அனுப்புகிறது, அதைத்தான் படத்தில் சிவப்பாகப் போட்டுக் காட்டுகிறார்கள். பயிர் வாடினால் சிவப்பும் மங்கும். விவசாயம் பார்க்கிற உங்களுக்கு இது என்னைவிட நன்றாகவே புரியும்.

"பாடத்தை முடிக்காம இதெல்லாம் எதுக்கு சார்?" என்று கேட்டில் ஒருவர் கேட்டார். பாடம் முடிந்துவிட்டது, கவலை வேண்டாம்.

வெள்ளிக்கிழமை இருட்டியதும் சர்வதேச விண்வெளி நிலையம் நம் ஊர் மேலே போகிறது. சுமார் 400 கிலோமீட்டர் உயரம், வெறும் கண்ணுக்கே தெரியும், சில நிமிடம்தான். நமக்குத் தெரிவது அதன் விளக்கு இல்லை, அதன் மேல் படுகிற வெயில்தான்; நமக்கு மறைந்த சூரியன் அதற்கு இன்னும் மறையவில்லை, அவ்வளவுதான். ஆறரைக்கெல்லாம் மைதானத்துக்கு வந்துவிடுங்கள், திரும்பும்போது பிள்ளையை நீங்களே கூட்டிப் போகலாம். மேகம் மூடியிருந்தால் இன்னொரு நாள் பார்ப்போம். அன்றைக்கும் லீவு கேட்டு போன் போடாதீர்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்