குடியிருப்போர் நலச்சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கொடியேற்றம், பொங்கல் விளையாட்டு, மழைக்கு முன் வாய்க்கால் தூர்வாரியது எல்லாம் வழக்கம்போல் நடந்தன. தெருவிளக்கு மனு நிலுவையில் உள்ளது.

அடுத்து, உலக செவித்திறன் நாளான மார்ச் 3 அன்று நடத்திய குழந்தைகள் காது பரிசோதனை முகாம். இதற்குச் சங்கப் பணம் எதற்கு என்று சிலர் கேட்டதால் விவரமாகவே சொல்கிறேன்.

வந்த பிள்ளைகள் பலருக்குக் காது வடிந்துகொண்டிருந்தது. ‘வளர்ந்தா சரியாயிடும்’ என்று வீட்டில் விட்டிருக்கிறார்கள். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் காதிலிருந்து டாக்டர் பஞ்சுத் திரியை எடுத்தபோது பச்சையாகச் சீழ். பக்கத்தில் நிற்க முடியாத வாடை. செவிப்பறையில் ஓட்டை. பாடத்தைக் கவனிப்பதில்லை என்று தினம் திட்டு வாங்கிய பிள்ளை அது.

டாக்டர் விளக்கியதைச் சுருக்கித் தருகிறேன். சளியோடு வரும் காதுவலிக்குப் பெரும்பாலும் நியூமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் போன்ற பாக்டீரியாக்கள் காரணம். மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்குப் போகும் குழாய் சிறு பிள்ளைகளுக்குக் குட்டையாக, படுக்கைவாட்டில் இருப்பதால் கிருமி சுலபமாக ஏறிவிடும். செவிப்பறை ஓட்டையாகி நாள்பட வடியும் காதில் சூடோமோனாஸ், ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் குடியேறிவிடுகின்றன. இவை குளத்துப் படியில் பாசி பிடிப்பதுபோல் வழவழப்பான படலம் கட்டி உள்ளே பத்திரமாக இருந்துகொள்ளும். 2006-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், நீர் கோத்தும் திரும்பத் திரும்பச் சீழ் வைத்தும் அவதிப்பட்ட குழந்தைகளின் நடுக்காதிலிருந்து எடுத்த 50 திசு மாதிரிகளில் 46-ல் பாக்டீரியாப் படலம் இருந்தது. மருந்து அதற்குள் சரியாக எட்டாது. அதனால்தான் நின்ற காது மறுபடி வடிகிறது. நாள்பட வடியும் காதைத் துடைத்து உலர்த்தி, டாக்டர் எழுதிய சொட்டு மருந்தை அவர் சொன்ன நாள்வரை விட வேண்டும். வெறும் மாத்திரையைவிட அதுதான் கேட்கும். தயவுசெய்து எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள்.

இவ்வளவு முக்கியமான முகாமுக்கு நாற்காலி போடக்கூட ஆள் இல்லை. தீர்மானத்துக்குக் கைதூக்கிய செயற்குழு உறுப்பினர்கள் பலர் அன்று எட்டிப் பார்க்கவில்லை. மனம் வருந்தித்தான் எழுதுகிறேன்.

வரவு செலவு ஏறக்குறைய சரிக்குச் சரி. சந்தா பாக்கியால் கையிருப்பு சொல்லும்படி இல்லை. முகாமின் டீ, மைக் செலவை நன்கொடையில் சமாளித்தோம். டாக்டருக்கும் இடம் தந்த தலைமையாசிரியருக்கும் பொருளாளருக்கும் நன்றி.

வரும் ஆண்டு அதே பிள்ளைகளை மறுபடி பார்த்தாக வேண்டும். காது கேட்கும் அளவைச் சோதிக்கும் கருவியையும் வாடகைக்கு எடுக்க வேண்டும். பாக்கி வைத்திருப்பவர்களின் பெயர்களை இங்கே வாசிக்கப் போவதில்லை. பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது; கூட்டம் முடிந்து சாப்பாடு வரும்வரை அவர் வாசல் மேசையில்தான் இருப்பார்.