என் கைக்குக் கை கொடுத்தவர்களுக்கு

நான் சொல்லச் சொல்ல என் மகள் போனில் அடிக்கிறாள். வலது கை இன்னும் முழுசாக வசப்படவில்லை, இடது கையால் நானே அடிக்க உட்கார்ந்தால் அடுத்த தீபாவளி வந்துவிடும்.

ஸ்ரீரங்கத்தில் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறவள் நான். தீபாவளிக்கு 18 நாள் இருக்கும்போது வாசல் தெளித்த தண்ணீரில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தேன். எழுந்து பார்த்தால் மணிக்கட்டு வளைந்த கரண்டி மாதிரி நிற்கிறது. உள்ளே 34 பிளவுஸ் வெட்டி வைத்தது வெட்டியபடி கிடக்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன், வலியை விட அந்த 34தான் முதலில் ஞாபகம் வந்தது.

முதலில் ஓடிய இடத்தில் மாவுக்கட்டு போட்டு அனுப்பிவிட்டார்கள். எந்த இடம் என்று சொல்லப் போவதில்லை. விரலில் மோதிரம் இருந்ததை அவர்கள் பார்க்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. ராத்திரி அந்த விரல் வீங்கிக் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. விடிந்ததும் வேறு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே எமர்ஜென்சியில் இருந்த சிஸ்டர், முதல் நன்றி உங்களுக்குத்தான். மோதிரத்தை வெட்டிவிடுவார்களோ என்று நான் பயந்துகொண்டிருந்தபோது "நூல் இருக்காம்மா?" என்று கேட்டீர்கள். தையல்காரியிடம் கேட்கிற கேள்வியா அது? என் கைப்பையில் எப்போதும் ஒரு நூல்கண்டு கிடக்கும். முனையை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து, மிச்ச நூலை விரல் கணு தாண்டும் வரை இடைவெளி இல்லாமல் நெருக்கிச் சுற்றி, அப்புறம் அடி முனையைப் பிடித்து மெதுவாகப் பிரித்தீர்கள். ஒவ்வொரு சுற்று பிரியும்போதும் மோதிரம் ஒரு நூல் அளவு மேலே ஏறி, கணுவைத் தாண்டிக் கழன்று என் மடியிலேயே விழுந்தது. முப்பது வருஷமாக நூலோடு வாழ்கிறேன், நூலுக்கு இப்படி ஒரு வேலை இருப்பது எனக்குத் தெரியாது. கையில் அடிபட்டால் முதலில் மோதிரத்தையும் வளையலையும் கழற்றுங்கள் என்று இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எலும்பு மூட்டு வரை நொறுங்கியிருக்கிறது, கட்டு மட்டும் போதாது, பிளேட் வைக்க வேண்டும் என்றார்கள். நான்காம் நாள் ஆபரேஷன். காப்பீட்டு அட்டை வேலையை ஓடி ஓடி முடித்துக் கொடுத்த கவுன்ட்டர் தம்பிக்கும் நன்றி. ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்று இருந்ததற்கு நீங்கள் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை.

ஆபரேஷன் அன்றைக்கு என்ன நடக்கும் என்று தெரியாததுதான் எனக்குப் பெரிய பயம். மயக்க டாக்டரம்மா முந்தின நாள் சாயங்காலமே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார். ராத்திரி 12 மணிக்கு மேல் கெட்டியாக எதுவும் சாப்பிடக் கூடாது, காலை 7 மணி வரை வெறும் தண்ணீர் குடிக்கலாம், பிரஷர் மாத்திரையை ஒரு மடக்குத் தண்ணீரில் போடு, சுகர் மாத்திரை வேண்டாம். (இது எனக்குச் சொன்னது. மாத்திரை விஷயம் ஆளுக்கு ஆள் மாறும், உங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.) மூக்குத்தி, தோடு, மெட்டி எல்லாம் கழற்றச் சொன்னார்கள், தாலியை மட்டும் மஞ்சள் கயிற்றில் மாற்றிக்கொண்டேன். இடது கை விரலில் மருதாணி இருந்ததைப் பார்த்து, ஆக்ஸிஜன் அளவு பார்க்கிற கிளிப்பை எந்த விரலில் மாட்டுவது என்று அங்கேயே யோசித்து வைத்தார்கள்.

என்னிடம் தையல் படிக்கிற பெண்ணே, நீ செய்ததை யாரும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. கட்டுப் போட்ட கை எந்த நைட்டிக்குள்ளும் நுழையாது என்று முதல் நாளே கண்டுபிடித்து, இரண்டு பழைய நைட்டியின் வலது கையைத் தோளிலிருந்து பிரித்து, நாடா வைத்து முடிச்சுப் போடுகிற மாதிரி தைத்துக்கொண்டு வந்தாய். வார்டில் மூன்று பேர் அளவு கேட்டார்கள்!

9 மணி ஆபரேஷன் என்றார்கள், உள்ளே போனது 12.30க்கு. மெஷினில் கை மாட்டிய ஒரு பையனை நடுவில் கொண்டுவந்தார்கள், அவனுக்கு முன்னால் நான் எல்லாம் எம்மாத்திரம். ஆனால் பசி பசிதான். அந்த நேரத்தில் வந்தவர் போனவர் எல்லாம் "பேர் என்ன, எந்தக் கை?" என்றே கேட்டார்கள். நான்காவது தடவை "கட்டுப் போட்டிருக்கிறது கண்ணுக்குத் தெரியலையா சார்?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன். சர்ஜன் சிரித்துக்கொண்டே மார்க்கர் பேனாவால் கையில் அம்புக்குறி போட்டார். கை மாறிவிடாமல் இருக்கத்தான் அத்தனை கேள்வி என்று பிறகுதான் புரிந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள். சம்மதக் கடிதத்தில் இடது கையால் நான் போட்ட கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தது, அதற்கும் சேர்த்து.

முழு மயக்கம் கிடையாது, கையை மட்டும் மரக்கச் செய்தார்கள். காரை எலும்புக்கு மேலே ஜில்லென்று ஜெல் தடவி, ஸ்கேன் திரையைப் பார்த்தபடியே ஊசி. தோளிலிருந்து விரல் வரை சுருக்கென்று ஒரு இழுப்பு, அப்புறம் கதகதப்பு, அப்புறம் கனம். கால் மணி நேரத்தில் அது என் கையாகவே இல்லை. கை மடங்கி நெஞ்சின் மேல் இருப்பதாகத்தான் எனக்கு நினைப்பு, திரும்பிப் பார்த்தால் பலகை மேல் நீட்டிக் கிடக்கிறது! பயந்து போனேன். "எல்லாருக்கும் அப்படித்தாம்மா தோணும்" என்று மயக்க டாக்டரம்மா என் நெற்றியில் கை வைத்தார். அந்தக் குளிரான அறையில் சூடாக இருந்தது அந்தக் கை ஒன்றுதான்.

மேல்கையில் பிரஷர் பார்க்கிற மாதிரி ஒரு பட்டையை இறுக்கினார்கள், ரத்தம் வராமல் இருக்க. முகத்துக்கு முன்னால் பச்சைத் துணி. வலி இல்லை, ஆனால் இழுப்பதும் அமுக்குவதும் தெரிகிறது, டிரில் சத்தம் கேட்கிறது. கடைசியில் தையல் போடுகிறோம் என்றதும் வாய் சும்மா இருக்கவில்லை, "என்ன நூல் சார்?" என்று கேட்டுவிட்டேன். "நைலான். உங்க அளவுக்கு நேரா வராது, பொறுத்துக்குங்க" என்றார் சர்ஜன். கட்டுப் பிரித்த அன்றைக்குப் பார்த்தேன். நேராகத்தான் இருந்தது சார், இடைவெளியும் சமம்.

சாயங்காலம் வலது கண் இமை கொஞ்சம் இறங்கி, குரலும் கம்மிவிட்டது. பக்கவாதம் என்று என் வீட்டுக்காரர் வராண்டா முழுக்க ஓடினார். அந்த ஊசியால் சிலருக்கு அப்படி ஆகும், மருந்து இறங்கியதும் சரியாகிவிடும் என்று அவரிடம் முன்பே சொல்லியிருந்தார்களாம், பதற்றத்தில் மறந்துவிட்டார். மறுநாள் காலை கண் சரியாகிவிட்டது, அவர் கூச்சம்தான் இன்னும் போகவில்லை.

நைட் டியூட்டி சிஸ்டர், உங்களிடம் திட்டு வாங்கினேன், நியாயமான திட்டு. மரத்த கைக்குச் சூடு தெரியாது என்று காபி டவராவை எட்டத் தள்ளி வைத்தீர்கள், கையைத் தலையணை மேல் தூக்கி வைத்து மணிக்கு ஒரு தடவை விரலை மடக்கச் சொன்னீர்கள். மரப்பு விடுவதற்கு முன்பே வலி மாத்திரையைப் போடச் சொன்னீர்கள். வலிதான் இல்லையே என்று அதைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன். ராத்திரி 2 மணிக்கு விரல் நுனியில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆரம்பித்தது, அரை மணியில் கத்திவிட்டேன். மாத்திரை வேலை செய்ய ஆரம்பிக்கும் வரை நீங்கள் நகரவில்லை.

எதிர்க் கட்டில் லால்குடி அக்கா, உங்கள் பேர்கூடக் கேட்கவில்லை நான். இடது கையால் சோற்றைத் தொட மனசு வராமல் நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒன்றும் பேசாமல் வந்து தயிர்சாதத்தைப் பிசைந்து ஊட்டினீர்கள். என் அம்மா போன பிறகு எனக்கு யாரும் ஊட்டியதில்லை. வீட்டுக்கு வந்த பிறகு தினமும் தலை பின்னிவிட்ட பக்கத்து வீட்டு மாமிக்கும், கைக்கு பாலிதீன் கவர் கட்டிக் குளிப்பாட்டிய என் நாத்தனாருக்கும் என்ன செய்து தீர்ப்பேன்.

அப்புறம் அந்த 34. அடுத்த தெருவில் தைக்கிற அக்காவும் நானும் பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை, காரணம் ஊருக்கே தெரியும். அவர் தானே வந்து 20 பிளவுஸை எடுத்துப் போனார், கூலியை என்னிடமே கொடுத்துவிட்டார். மிச்சத்தை என்னிடம் படிக்கிற பெண்கள் முடித்தார்கள். ஒரே ஒரு கிளிப்பச்சை பிளவுஸுக்கு ஹூக் பக்கம் மாறிவிட்டதாம், வாங்கிப்போனவர் இன்னும் கேட்கவில்லை. இதைப் படித்தால் கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறேன். ஒரு மாதம் கழித்து வாருங்கள், இப்போதைக்குக் கத்திரிக்கோல் பிடிக்க வரவில்லை.