டிரிப்பர் அடைப்பும் அகச்சிவப்பு நுண்ணோக்கியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் வட்டாரத்தில் எஸ்டேட் ஓரங்களில் பெர்த்திகாசி முறையில் (உரம் கரைத்த நீரைச் சொட்டுச் சொட்டாகப் பாய்ச்சும் முறை) மிளகாய் போடுவோருக்கு, நீர் சொட்டும் முனையான டிரிப்பரில் ஏற்படும் அடைப்பு பெரிய தலைவலி. குளோரின் ஊற்றினால் போதும் என்பது பாதிதான் சரி. குளோரின் கிருமியைக் கொல்லும். கிருமிகள் சுரந்த சர்க்கரைப் பசையோ சுவரிலேயே ஒட்டியிருக்கும், அதன்மேல் அடுத்த கூட்டம் குடியேறிவிடும். பசையும் போனதா என்பதைச் சாயம் ஏற்றாமல், ஓடும் நீரிலேயே பார்க்க அகச்சிவப்பு நுண்ணோக்கி உதவும்; எந்தப் பொருள் எந்த அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சுகிறது என்பதை வைத்து அது பொருளை அடையாளம் காட்டும். பல்கலைக்கழக மாணவர்கள் இதை ஆய்வாக எடுக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

சாதாரணக் கண்ணாடித் தகடு இதற்கு ஆகாது, தேவையான கதிரை அது விடாது. இரண்டு கால்சியம் ஃபுளோரைடு தகடுகளுக்கு நடுவே 8 மைக்ரோமீட்டர் இடுக்கு விட்டு நீரை ஓட்டுங்கள். 10-ஐத் தாண்டினால் 1640 அலையெண் (ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை) பக்கம் தண்ணீரே கதிரை உறிஞ்சிவிடும். புரதம் கதிரை உறிஞ்சும் முதல் பட்டையும் அங்கேதான் இருப்பதால், புரதத்துக்கு 1550-ஐயும் பசைக்கு 1080-ஐ ஒட்டிய பகுதியையும் பாருங்கள்.

சறுக்கல் வருவது இந்த 1080-இல்தான். உரக்கரைசலில் உள்ள பாஸ்பேட்டும் அங்கேயே உறிஞ்சும். அதைப் பசை என்று எண்ணிவிட்டால் ஆய்வு முழுக்க வீண். அளப்பதற்கு முன் வெறும் நீரால் அலசுங்கள். கிருமி விடாத இன்னோர் இடுக்கில் அதே கரைசலை ஓட்டி, அதில் கிடைக்கும் நிறமாலையை (எந்த அலையெண்ணில் எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்ற வரைபடம்) கழியுங்கள். கிருமியின் டிஎன்ஏவில் உள்ள பாஸ்பேட்டைக் கழிக்க வழியில்லை. அதனால் 1080-ஐத் தனியாக நம்பாமல் 1550-உடன் விகிதம் பாருங்கள். குளோரினுக்குப் பிறகு 1550 இறங்கியும் 1080 இறங்கவில்லை என்றால் பசை அப்படியே இருக்கிறது.

இன்னொரு வழியும் உண்டு: ஜெர்மானியம் படிகத்தின் மேல் கிருமியும் பசையும் சேர்ந்த படலத்தை வளர்த்து, படிகத்தின் வழியே கதிரை விட்டு அளந்தால் நீரின் தடிமன் பற்றிக் கவலையில்லை. ஆனால் கதிர் 1 மைக்ரோமீட்டர் கூட உள்ளே போகாது. படலம் அதைத் தாண்டியதும் அளவு ஏறாமல் நிற்கும். வளர்ச்சி நின்றுவிட்டதாக எழுதிவிடாதீர்கள்.

படலம் தடிக்கத் தடிக்க இடுக்கு குறுகும். சிரிஞ்சு பம்ப் ஒரே வேகத்தில் தள்ளுவதால் அழுத்தம் ஏறி, ஓரம் கசியும் அல்லது படலம் பிய்ந்துகொண்டு போகும். தொட்டியை உயரத்தில் வைத்து அழுத்தத்தை நிலையாக வையுங்கள். வெளிவரும் நீரைத் தராசில் பிடித்தால், ஓட்டம் எவ்வளவு குறைகிறதோ அதுவே அடைப்பின் அளவு.

நம் நாட்டு ஈரக்காற்றில் நீராவிக் கோடுகள் 1550 பட்டையின் மேலேயே விழும். உலர்ந்த நைட்ரஜனைக் கருவிக்குள் விட்டுக்கொண்டே இருங்கள். உள்ளே இருக்கும் பொட்டாசியம் புரோமைடு பாகம் ஈரம் பட்டால் மங்கிப்போகும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லை நிறம் மாறியதும் மாற்றுங்கள், இரவிலும் கருவியை அணைக்க வேண்டாம்.

ஆய்வுக்கூடப் பணியாளர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்.