பம்பரைக் கழுவி அலுத்துவிட்டோம்: மாடல் கார் கிட் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிறுவனத்தாருக்கு,

வணக்கம். ஐம்பது, அறுபதுகளின் அமெரிக்கக் கார்களைப் பழைய வார்ப்பு அச்சுகளிலிருந்து 1/25 அளவில், நாமே ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் கிட்களாக மறுபடி மறுபடி வெளியிட்டுவரும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இந்த மடல். எந்த அச்சு யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற வம்சக் கதை உங்களுக்கும் தெரியும், காசு கொடுத்து வாங்கும் எங்களுக்கும் தெரியும். ஆகவே முன்னுரை வேண்டாம். இந்தச் சுற்றில் வந்த மறுவெளியீட்டின் பெட்டி மேல் ‘புத்தம் புதிய குரோம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். திறந்து பார்த்தால் முன்பம்பரின் முகத்திலேயே, மறைக்க வழியில்லாத இரண்டு இடங்களில், பாகம் ஸ்ப்ரூவோடு, அதாவது பாகங்களைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டத்தோடு, ஒட்டியிருக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத வேண்டியதாயிற்று.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று: குரோம் பூசிய ஸ்ப்ரூவோடு, அதே பாகங்கள் கொண்ட, பூச்சில்லாத ஸ்ப்ரூ ஒன்றையும் பெட்டியில் போடுங்கள்.

குரோம் என்று நாம் சொல்வது குரோமியமே இல்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஸ்டைரீன் பிளாஸ்டிக்கின் மேல் அடிப்பூச்சாக ஒரு லாக்கர், அதன் மேல் வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த அலுமினியம், அதற்கும் மேல் ஒரு காப்புப் பூச்சு. இதெல்லாம் பாகம் ஸ்ப்ரூவில் தொங்கும்போதே நடந்துவிடுகிறது. நாங்கள் வெட்டியெடுக்கும்போது ஒட்டியிருந்த இடம் வெறும் பிளாஸ்டிக்காகப் பல்லிளிக்கிறது. அந்தத் தழும்பு 2 மில்லிமீட்டர்தானே என்று தோன்றலாம். 1/25-ல் 2 மில்லிமீட்டர் என்றால் நிஜக் காரில் 5 சென்டிமீட்டர். பம்பரின் நெற்றியில் 5 சென்டிமீட்டருக்குக் குரோம் உரிந்த காரை எந்த ஷோரூம்காரராவது வாசலில் நிறுத்துவாரா?

தழும்பை வெள்ளிப் பேனாவால் தொட்டுவிடலாம் என்பார்கள். தொடலாம். ஒரு கையெட்டும் தூரத்தில் இருந்தே ஒட்டுப்போட்டது தெரியும். அதைவிடப் பெரிய தலைவலி அச்சுக்கோடு. அந்தக் காலத்துப் பம்பர்கள் ஃபெண்டரை, அதாவது சக்கரத்தின் மேல் கவியும் பக்கத் தகட்டை, சுற்றி வளைந்து பக்கவாட்டுக்குப் போகின்றன. அச்சின் இரு பாதிகளும் சேரும் கோடு அந்த வளைவின் மேலேயே ஓடுகிறது. அச்சு தேயத் தேயக் கோடு தடிக்கிறது. உப்புத்தாள் பட்டால் குரோம் போய்விடும், படாவிட்டால் கோடு நிற்கும். அடிப்பூச்சு கொஞ்சம் கனமாக விழுந்தால் நுணுக்கமான வேலைப்பாடுகளும் மூழ்கிவிடும். 1958 பியூயிக்கின் கிரில்லில் 160 சிறு குரோம் சதுரங்கள் உண்டு. அவை ஒவ்வொன்றும் தனித்து நின்றால்தான் அது பியூயிக். மொழுக்கென்று போனால் சோப்புப் பெட்டி.

ஆகவே கொஞ்சம் அக்கறையோடு கட்டுகிறவர் முதலில் செய்வது, நீங்கள் காசு செலவழித்துப் பூசியதைக் காசு செலவழித்துக் கழுவுவது. அந்தக் கழுவலைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறோம், ஏனென்றால் உங்கள் அலுவலகத்தில் யாரும் அதைச் செய்து பார்த்ததாகத் தெரியவில்லை.

மூடியுள்ள டப்பாவில் துணி வெளுக்கும் பிளீச்சை ஊற்றிப் பாகங்களை மூழ்கடிக்க வேண்டும். அலுமினியம் சில நிமிடங்களிலும் போகும், சில மணி நேரமும் எடுக்கும். காப்புப் பூச்சின் கனத்தைப் பொறுத்தது. அதோடு வேலை முடிந்ததென்று நினைப்பவர்தான் மாட்டிக்கொள்கிறார். அடியில் இருக்கும் லாக்கர், லேசான மஞ்சள் படலமாக அப்படியே இருக்கும். அதன் மேல் பெயின்ட் அடித்தால் மூலைமுடுக்கெல்லாம் இன்னும் அடைபடும். அதை எடுக்கக் காஸ்டிக் கலந்த அடுப்புத் துப்புரவு நுரையில், மூடிய பைக்குள், ஓர் இரவு ஊறப்போட வேண்டும், கையுறை கட்டாயம். சிலர் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைக்கிறார்கள். ஆனால் பிளீச் மிச்சமிருக்கும் பாகத்தை நேரே ஆல்கஹாலில் போட்டால் குளோரோஃபார்ம் உண்டாகும். நடுவில் தண்ணீரில் அலசோ அலசென்று அலச வேண்டும். பொழுதுபோக்குக்குக் கார் கட்ட வந்தவரிடம் நீங்கள் வாங்கும் வேலை இது.

பிறகுதான் உண்மையான வேலை. ஒட்டிய இடத்தை வெட்டி, அச்சுக்கோட்டை 600-ம் எண் தாளில் தேய்த்து, 1000, 2000 என்று ஏற்றி, பளபளக்கும் கறுப்பு அடித்து, அது கண்ணாடிபோல் காயும்வரை பொறுக்க வேண்டும். கறுப்பில் ஒரு தூசி இருந்தாலும் மேலே வரும் வெள்ளி அதை ஊருக்கே காட்டிக்கொடுக்கும். அதன் மேல் அல்கிளாட் என்ற பெயின்டின் குரோம் நிறத்தை ஏர்பிரஷ் தெளிப்பானில் 12 முதல் 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில், நனைகிறாற்போல் இல்லாமல், மென்தூறலாகப் பலமுறை அடிக்க வேண்டும். கனமாக விழுந்தால் சாம்பல் நிறமாகிவிடும். விரல் பட்டால் மங்கும். பாதுகாப்புக்கென்று நிறமற்ற கிளியர் பூச்சு அடித்தாலும் மங்கும். மோலோட்டோ பேனாவின் குரோம் மை இதைவிடச் சுலபம், ஆனால் நாள்கணக்கில் காயவிட வேண்டும். அவசரப்பட்டுத் தொட்டால் கைரேகை நிலைத்துவிடும்.

இதில் பின்பாதியைப் பற்றி எங்களுக்கு வருத்தமே இல்லை. பெயின்ட் அடிப்பதும் தேய்ப்பதும் நாங்கள் விரும்பி வந்த வேலை. முன்பாதி மட்டும்தான் வீண்.

காரின் உருவத்தையே மாற்றிக் கஸ்டம் செய்பவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். அமெரிக்காவில் கஸ்டம் கார்களுக்குப் பேர்போன பாரிஸ் (Barris) சகோதரர்களின் பட்டறை உருவாக்கிய ஹிரோஹாட்டா மெர்க்குரி காரைப்போல ஒன்று செய்ய ஆசைப்படுகிறார் ஒருவர் என்று வையுங்கள். அந்த 1951 மெர்க்குரியின் கூரையை முன்னால் 4 அங்குலமும் பின்னால் 7 அங்குலமும் இறக்கினார்கள். 1/25-ல் ஓர் அங்குலம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் என்பதால் கணக்கு கையிலேயே இருக்கிறது: முன்தூணில் 4, பின்பக்கம் 7. தூண்கள் சாய்ந்தவை, கூரையை இறக்கினால் மேல்முனையும் கீழ்முனையும் நேருக்குநேர் சேராது. கூரையைக் குறுக்கே அறுத்து நடுவில் ஸ்டைரீன் பட்டை வைத்து நீட்ட வேண்டும். பழைய கண்ணாடி பொருந்தாது. தெளிந்த தாளில் புதிதாக வெட்ட வேண்டும். இத்தனையும் முடிகிறது, ஏனென்றால் காரின் உடல் வெறும் ஸ்டைரீன். அறுக்கலாம், ஒட்டலாம், புட்டி வைத்து நிரப்பலாம்.

பம்பரிடம் வரும்போது எல்லாம் நின்றுவிடுகிறது. திரவப் பசை ஸ்டைரீனைக் கரைத்துத்தான் ஒட்டவைக்கும். குரோம் இருந்தால் கரைப்பதற்கு அடியில் எதுவும் அதன் கைக்கு எட்டாது. புட்டியும் பிடிக்காது. பம்பரின் குமிழ்களை வெட்டியெடுப்பதோ, இரு கிரில்களை இணைத்து ஒன்றாக்குவதோ, முதலில் பூச்சை உரிக்காமல் நடக்காது. வேறு கிட்டிலிருந்து பம்பர் எடுத்துக்கொள்ளலாமே என்றால், அது 1/24 கிட்டாக இருந்தால் பொருந்தாது. 200 அங்குல நீளமுள்ள 1957 செவர்லே பெல் ஏர் 1/25-ல் 203 மில்லிமீட்டர், 1/24-ல் 212. அகலத்திலும் 3 மில்லிமீட்டர் இடிக்கும்.

பளபளப்பான பெட்டிதான் விற்கும் என்று நீங்கள் சொல்வீர்கள். சரி, விற்கட்டும். பூச்சை நிறுத்துங்கள் என்று யாரும் கேட்கவில்லை. குரோம் பாகங்கள் எப்படியும் தனி ஸ்ப்ரூவாகத்தான் பூச்சுக்குப் போகின்றன. அதே அச்சில் இன்னொரு முறை வார்த்து, பூச்சுக்கு அனுப்பாமல் பெட்டியில் வையுங்கள் என்றுதான் கேட்கிறோம். புது அச்சு வேண்டாம். ஆகும் செலவு சில கிராம் பிளாஸ்டிக்.

பெட்டியில் இடமில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான்காய் மடித்த போஸ்டருக்கு இடமிருக்கிறது. பழைய பெட்டிப் படத்தைச் சின்னதாக அச்சடித்த அட்டைக்கு இடமிருக்கிறது. ‘சேகரிப்போர் பதிப்பு’ என்ற தகரப் பெட்டிக்கு உள்ளே பாதிக்கு மேல் காற்று இருக்கிறது. 1958-ல் அமெரிக்கக் கிட் நிறுவனமான ஏஎம்டி ‘ஒன்றில் மூன்று’ என்று கிட்களைக் கொண்டுவந்தபோது, அசல், கஸ்டம், பந்தயம் என எப்படி வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளப் பாகங்கள் இருந்தன. இன்று பெட்டியின் மேல் ‘ஒன்றில் மூன்று’ என்ற எழுத்து பத்திரமாக இருக்கிறது. பாகங்கள் போன இடம் தெரியவில்லை. வினைல் டயரைத் தனிப் பையில் போடாமல் விடுவதால் அதிலிருந்து கசியும் மென்மையூட்டி கண்ணாடியையும் சக்கரத்தையும் இளக்கிவிடுகிறது. உடலைச் சிவப்புப் பிளாஸ்டிக்கில் வார்த்துவிடுவதால், மேலே வெள்ளை அடித்தவருக்கு இளஞ்சிவப்புக் கார் இலவசம். இதையெல்லாம் ‘அந்தக் கால அனுபவம்’ என்று விளம்பரம் செய்யும் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும்.

கோபம் சற்று முந்திக்கொண்டது, பொறுத்தருளவும். இந்தக் கார்களை இன்றும் கடையில் வாங்க முடிகிறது என்றால் அது உங்களால்தான். அதற்கு நன்றியும் உண்டு.

எல்லாக் கிட்களிலும் ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. பம்பரும் கிரில்லும்தான் முகம் என்று இருக்கும் ஐம்பதுகளின் கார் ஒன்றில் தொடங்குங்கள். பூச்சில்லாத ஸ்ப்ரூவை வெள்ளை அல்லது சாம்பல் நிறத்தில் வார்த்துத் தனிப் பையில் போடுங்கள். பெட்டியின் பக்கவாட்டில் ‘பூச்சில்லாத பம்பர், கிரில் உள்ளே’ என்று ஒரு வரி எழுதுங்கள். அதற்கென்று விலையைக் கொஞ்சம் ஏற்றினாலும் கொடுத்து வாங்குவோம். பிளீச்சுக்கும் துப்புரவு நுரைக்கும் கொடுக்கிற காசை உங்களிடமே கொடுத்துவிட்டுப் போகிறோம். அடுத்த மறுவெளியீட்டுப் பட்டியல் முடிவாகும் முன் இதைப் பரிசீலிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் குரோமைக் கழுவிக்கொண்டிருக்கும் வாடிக்கையாளர்கள்

பி.கு.: என்றைக்காவது அந்த அச்சையே திருத்தும் எண்ணம் வந்தால், ஸ்ப்ரூ ஒட்டும் இடத்தைப் பம்பரின் பின்பக்க விளிம்புக்கு மாற்றிவிடுங்கள். பூசாத ஸ்ப்ரூவை அப்போதும் போடலாம்.