கண்ணாடியைப் பையில் வைக்காதீர்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

வரும் வியாழக்கிழமை காலை 10 மணிக்கு நம் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கண் பரிசோதனை நடக்கிறது. போன வருடம் கண்ணாடி வாங்கிய பிள்ளைகள் பலர் அதைப் பையிலேயே வைத்திருக்கிறார்கள். கேட்டால், "அம்மா போடாதேன்னாங்க சார்" என்கிறார்கள். அதனால்தான் கடிதம் கொஞ்சம் நீள்கிறது.

குடியாத்தத்தைச் சுற்றியுள்ள நம் ஊர்களில் தறி ஓடாத தெரு குறைவு. நாற்பதைத் தாண்டினால் அறுந்த இழை கண்ணுக்குப் பிடிபடாது. 'வெள்ளெழுத்து வந்துடுச்சு' என்று ஒரு கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டு வேலையைப் பார்க்கிறோம். அதில் யாருக்கும் கூச்சம் இல்லை.

உலகின் முதல் மூக்குக்கண்ணாடியும் இந்த வெள்ளெழுத்துக்காகப் பிறந்ததுதான். 1286-ஐ ஒட்டி, இத்தாலியில் பைசா நகரப் பக்கம். செய்தவர் பெயர் இன்றுவரை யாருக்கும் தெரியாது. 1306-இல் ஃபிளாரன்ஸில் ஜியோர்தானோ என்ற துறவி தன் பிரசங்கத்தில், இந்தக் கலை வந்து இன்னும் இருபது வருடம்கூட ஆகவில்லை, செய்தவரை நானே பார்த்துப் பேசியிருக்கிறேன் என்றார். பெயரை மட்டும் சொல்லவில்லை. அதே காலத்தில் பைசா மடத்தில் அலெசாந்த்ரோ தெல்லா ஸ்பினா என்று இன்னொரு துறவி இருந்தார். இவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். முதலில் செய்தவர் தொழில் ரகசியத்தைச் சொல்ல மறுத்துவிட்டார். இவர் தானே செய்து பழகி, எல்லோருக்கும் மலர்ந்த முகத்தோடு சொல்லிக்கொடுத்தார் என்று அந்த மடத்துக் குறிப்பு சொல்கிறது.

அந்தக் கண்ணாடிக்குக் காதில் மாட்டும் கம்பி கிடையாது. மூக்கில் இடுக்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் கையில் பிடிக்க வேண்டும். கம்பி வந்தது 18-ஆம் நூற்றாண்டில். அந்த முதல் கண்ணாடியின் இரண்டு லென்சுமே நடுவில் தடித்த குவிலென்ஸ். பக்கத்தில் இருப்பது மட்டும் தெரியும். தூரம் தெரியாதவர்களுக்கான, நடுவில் மெலிந்த குழிலென்ஸ் கண்ணாடி 15-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் புழக்கத்துக்கு வந்தது. அதாவது, பெரியவர்களுக்குக் கிடைத்தது தூரம் தெரியாத பிள்ளைக்குக் கிடைக்க 150 வருடத்துக்கு மேல் ஆனது. நம் பிள்ளைகளுக்குக் கையிலேயே இருக்கிறது, பைக்குள்.

பல வருடங்களுக்கு முன் என் வகுப்பில் ஒரு பையன் கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பையன் நோட்டையே பார்த்து எழுதுவான். காப்பி அடிக்கிறான் என்று ஒரு வருடம் முழுக்கத் திட்டியிருக்கிறேன். பலகையில் இருந்த எழுத்தே அவன் கண்ணுக்குத் தெரியவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. இன்றும் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

'கண்ணாடி போட்டால் பவர் ஏறும்' என்கிறீர்கள். தூரம் தெரியாத கிட்டப்பார்வையில் உருவம், கண்ணின் பின்பக்கம் இருக்கும் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடுகிறது. குழிலென்ஸ் அதைப் பின்னால் தள்ளிச் சரியான இடத்தில் விழவைக்கிறது. இது எப்படி நடக்கிறது என்று 1604-லேயே வானியல் அறிஞர் கெப்ளர் விளக்கிவிட்டார். பிள்ளை வளரும்போது கண்ணும் நீள்கிறது, அதனால்தான் பவர் மாறுகிறது. கண்ணாடி மேல் பழி வேண்டாம்.

பெண் பிள்ளைகளின் அம்மாக்கள் "நாளைக்குப் பொண்ணு பார்க்க வர்றவங்க என்ன சொல்வாங்க?" என்று கேட்கிறீர்கள். அதற்கு இன்னும் பல வருடம் இருக்கிறது. கணக்குப் பரீட்சை அடுத்த மாதம். 'சோடாபுட்டி' என்று யாராவது கேலி செய்தால் அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

மேல் பரிசோதனை வேண்டும் என்று சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1902-இல் தொடங்கிய ஷெல் மருத்துவமனைதான் பின்னாளில் கண் மருத்துவமனையானது. அவ்வளவு பழைய வசதி பஸ் போகும் தூரத்தில் இருக்கிறது.

அப்புறம், வீட்டில் பிள்ளையின் பழைய கண்ணாடி இருந்தால் வியாழக்கிழமை கொடுத்தனுப்புங்கள். பவர் எவ்வளவு மாறியிருக்கிறது என்று ஒப்பிட உதவும். கம்பி உடைந்திருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
தலைமையாசிரியர்