யு வேண்டுமா, இசட் வேண்டுமா? எழுதிக் கொடுத்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆய்வுப் பிரிவு அதிகாரிகளுக்கு,

வணக்கம். என் முனைவர் பட்ட ஆய்வேடு ஆங்கில எழுத்துக்கூட்டலுக்காக இரண்டு முறை திரும்பி வந்த கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திருப்பி அனுப்பியதே நீங்கள்தான்.

முதல் முறை, 'லேபர்' (labour) என்ற சொல்லில் யு இல்லை என்று சிவப்பு மையில் சுழித்திருந்தீர்கள். என் கணினி அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்தது, அதில் அந்த யு கிடையாது. தப்பு என்னுடையதுதான், சரி. ஒரே தட்டில் எல்லா இடத்திலும் யு சேர்த்தேன். அது துணைநூற்பட்டியலுக்குள்ளும் புகுந்து, சிகாகோவிலிருந்து வரும் 'ஜர்னல் ஆஃப் லேபர் எகனாமிக்ஸ்' இதழின் பெயரையே மாற்றிவிட்டது. அவர்கள் யு போடுவதில்லை. ஒவ்வொன்றாகத் தேடி எடுக்க இரண்டு இரவு போனது.

அடுத்த முறை, 'ஆர்கனைசேஷன்' என்பதில் இசட் கூடாது, எஸ்தான் என்றீர்கள். நீங்கள் சுழித்தது ஜெனீவாவில் உள்ள பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் பெயரை. 1919இல் தொடங்கிய அந்த அமைப்பு தன் பெயரில் லேபருக்கு யு போடுகிறது, ஆர்கனைசேஷனுக்கு இசட் போடுகிறது. இசட் என்றாலே அமெரிக்கா என்பதும் இல்லை. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே இசட்டைத்தான் முதலில் தருகிறது. (அதே அகராதி 'அனலைஸ்' என்பதற்கு மட்டும் எஸ் போடும். எனக்கும் தலை சுற்றத்தான் செய்கிறது.)

ஒவ்வொரு முறையும் ஐந்து படிகள், கெட்டி அட்டை, பொன்னெழுத்து. உதவித்தொகை நின்றுபோன பிறகு இந்தச் செலவு. ஜெராக்ஸ் கடை அண்ணன் என்னைப் பார்த்ததும், "இந்தத் தடவை எந்த எழுத்தும்மா மாறுது?" என்கிறார்.

உங்கள் வழிகாட்டிக் குறிப்பில் ஓரம் எத்தனை அங்குலம், எழுத்து எத்தனை புள்ளி, வரி இடைவெளி எவ்வளவு என்று எல்லாம் இருக்கிறது. எழுத்துக்கூட்டலுக்கு ஒரு வரி இல்லை. பிரிட்டிஷ் முறையா, அமெரிக்க முறையா, எந்த அகராதி, பெயர்களை உள்ளபடியே விடலாமா என்று ஒரே ஒரு பக்கச் சுற்றறிக்கை போதும்.

பீடி சுற்றும் பெண்களின் கூலியைப் பற்றி இருநூறு பக்கத்துக்கு மேல் எழுதியிருக்கிறேன். அதைப் பற்றி இதுவரை ஒரு கேள்வியும் வரவில்லை. திருப்பி அனுப்பிய கடிதத்தில் 'ரிசீவ்' என்ற சொல்லில் ஐயும் ஈயும் இடம் மாறியிருந்தன. என்னிடம் சிவப்புப் பேனா இல்லை, விட்டுவிட்டேன்.

கோபத்தில் ஏதும் கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்தருளவும். எந்த முறை என்றாலும் எனக்குச் சம்மதம்தான். அந்த ஒரு பக்கத்தை மட்டும் தயவுசெய்து அனுப்பிவையுங்கள். அதுவரை அட்டை போட வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

பணிவுடன்,
ஓர் ஆய்வு மாணவி