வெள்ளை உடுப்பும் ஊதாச் சட்டையும்

பரிஸ்
20.06.2018

என் அன்புச் சிநேகிதிக்கு,

போன ஞாயிறு நீ போனில் சொன்னது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. மகளின் வகுப்புப் பிள்ளைக்குப் பிறந்தநாள், வருகிற பெட்டைகள் எல்லாரும் ஊதாச் சட்டைதான் போட வேண்டுமாம், எங்கள் வீட்டில் ஊதாவில் ஒரு லேஞ்சிகூட இல்லை என்றாய். ஒரு பின்னேரத்துக்காக அவ்வளவு காசு கொடுத்துச் சட்டை தைப்பதா என்றும் கேட்டாய். அப்போது எனக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வரவில்லை. இந்த மாதம் நானும் அப்படி ஒரே நிற விருந்து ஒன்றுக்குப் போய்வந்தேன். அதைச் சொன்னால்தான் என் பதில் உனக்கு விளங்கும்.

இங்கே 'டினே ஓன் பிளாங்' என்று ஒன்று நடக்கும். வெள்ளை விருந்து. தொப்பி, சப்பாத்து, மேசைவிரிப்பு எல்லாமே வெள்ளை. மேசை, கதிரை, சாப்பாடு, கண்ணாடிக் கிளாஸ், பீங்கான் கோப்பை எல்லாம் நாங்களே தூக்கிக்கொண்டு போக வேண்டும். பிளாஸ்ரிக், கடதாசிக் கோப்பை ஆகாது. எங்கே விருந்து என்பதைக் கடைசி நேரம்வரை சொல்லமாட்டார்கள். என்னோடு வேலை செய்கிற ஒரு பிரெஞ்சுப் பெண் கூப்பிட்டாள். சோடியாகத்தான் போக வேண்டும் என்றதால் இவரும் லீவு எடுத்தார்.

எங்கள் தமிழ்க் கடைகள் இருக்கிற லாச்சப்பலில் மெற்றோ ஏறும்போது இவர் தோளில் மேசை, என் கையில் இரண்டு கதிரை. கடையில் நின்ற எங்கள் ஆட்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். முதலில் வந்து சேரச் சொன்ன இடத்துக்குப் போன பிறகுதான் விருந்து அன்வலிட்டில் என்று தெரிந்தது. தங்கக் கூரை வைத்த அந்தப் பெரிய கட்டிடத்துக்கு முன்னால் புல்வெளி. அங்கே 10,000 பேருக்கு மேல் வெள்ளையில். ஆண்கள் ஒரு வரிசை, எதிரே பெண்கள். எல்லாரும் வெள்ளைத் துணியைத் தலைக்கு மேல் சுழற்றிய பிறகுதான் சாப்பாடு தொடங்கியது. ஜூனில் இங்கே பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும். அந்த வெளிச்சத்தில் பார்க்க நெஞ்சு நிறைந்தது, உண்மையாகத்தான் சொல்கிறேன். நடுச்சாமம் தாண்டியதும் எல்லாரும் தங்கள் குப்பையைத் தாங்களே கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

சாப்பாட்டுக்குத்தான் யோசித்தேன். சொதி கொண்டுபோனால் மஞ்சள் பட்டுவிடும். கட்லட், ரோல்ஸ், தேங்காய்ச் சம்பல் வைத்த பாண் கொண்டுபோனேன். 2012இல் சிங்கப்பூரில் இந்த விருந்து முதல்முறை நடந்தபோது, சிக்கன் ரைஸ் மாதிரி ஊர்ச் சாப்பாடு இதற்குப் பொருந்தாது என்ற பேச்சு வந்து, அங்குள்ள சனம் கொதித்துப்போனது. அதை அறிந்திருந்ததால் எனக்குக் கொஞ்சம் பயம். ஆனால் பக்கத்து மேசைக்காரர் ரோல்ஸை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, தங்கள் சீஸை எங்கள் பக்கம் நகர்த்தினார்கள்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "விருந்துக்கு வெள்ளையோ பிள்ளை?" என்றா. பிறகு கொஞ்ச நேரம் கதைக்கவேயில்லை. அப்பா போன நாளிலிருந்து அவ கட்டுவது வெள்ளைச் சீலைதானே. அவவை ஒருவரும் கேட்டுக் கட்டச் சொல்லவில்லை. அன்றைக்கு நான் வெளிக்கிடும்போது பொட்டை மட்டும் சிவப்பாக வைத்தேன். சட்டப்படி பிழையாக இருக்கலாம். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்குப் பிடித்தது இந்த விருந்து தொடங்கிய கதை. 1988இல் பிரான்சுவா பஸ்கியே என்பவர் சில காலம் வெளிநாட்டில் இருந்துவிட்டுப் பரிஸுக்குத் திரும்பி வந்தார். பழைய சிநேகிதரை எல்லாம் ஒன்றாகப் பார்க்க ஆசை. கூப்பிட்ட ஆட்களுக்கு வீட்டுத் தோட்டம் காணாது. புவா து பூலோன் காட்டுக்கு வாருங்கள், ஒவ்வொருவரும் இன்னொரு ஆளைக் கூட்டிவாருங்கள், வெள்ளை உடுத்து வந்தால் ஆளையாள் கண்டுபிடிக்கலாம் என்றாராம். சிநேகிதர் தொலையாமல் இருக்கத்தான் அந்த நிறம்.

அதை வாசித்தபோது எனக்கு எங்கள் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை ஞாபகம் வந்தது. ஞாயிறு பின்னேரம் தோய்த்து, நீலம் போட்டு, கொடியில் தொங்கும். மைக் கறைக்கு மேல் வெண்கட்டி தேய்ப்போம். எல்லாருக்கும் ஒரே உடுப்பு என்றாலும், யாருடையது அக்காவுக்குத் தைத்தது, யாருடையது பழுப்பேறிப்போனது என்று வாங்கில் பக்கத்தில் இருக்கிறவளுக்குத் தெரியும்.

1995 ஒக்டோபர் 30. சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்துச் சனமெல்லாம் ஊரை விட்டு வெளிக்கிட்ட நாள். அந்த இரவு மழையில் நாவற்குழிப் பக்கம் சனத்தோடு சனமாக நடந்தோம். எங்கள் வீட்டிலிருந்து ஒரு சைக்கிளில் ஏறியது மட்டும் வந்தது. என் யூனிபோம் கொடியிலேயே நின்றுவிட்டது. பிறகு சாவகச்சேரிப் பக்கம் கொட்டிலில் பின்னேர வகுப்பு தொடங்கியபோது, இருக்கிறதைப் போட்டு வாருங்கள் என்று ரீச்சர் சொன்னா. நான் அந்தப் பச்சைப் பூச்சட்டையோடு போனேன். நீ ஒரு மண்ணிறச் சட்டையோடு வந்து பக்கத்தில் இருந்தாய்.

உன் பையில் வெள்ளைச் சட்டை மடித்தபடி இருந்ததை உன் அம்மா எனக்குப் பிறகு சொன்னா. "எடுத்துப் போடு எண்டு சொல்லியும் கேக்கிறாள் இல்லை" என்றா. எனக்குத் தெரியும் என்று உனக்கு இத்தனை வருசமாக நான் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்ல வெட்கம். பிறகு சொல்ல நேரம் வரவில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

மகளின் விசயத்துக்கு வருகிறேன். ஒரு நிறத்தைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள், அது எல்லார் அலுமாரியிலும் இருக்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். பஸ்கியே கேட்டது வெள்ளை. எப்படியும் ஒன்று வீட்டில் இருக்கும். ஊதா அப்படியில்லை. கடன் பட்டுத் தைக்காதே. வகுப்பில் அவளுக்கு நெருக்கமான பிள்ளை யார் என்று கேள். அந்தப் பிள்ளையிடமும் ஊதா இல்லாவிட்டால், இரண்டு பேரும் பேசிவைத்து வேறு நிறத்தில் போகட்டும். இருந்தால், அந்தப் பிள்ளை என்ன செய்கிறாள் என்று எனக்கு எழுது.

ஓகஸ்ற்றில் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறோம். ரிக்கற் போட்டாயிற்று. அம்மாவுக்கு மெல்லிய நீலத்தில் ஒரு நூல்சீலை எடுத்து வைத்திருக்கிறேன். கட்டுவாவோ தெரியாது. நீ சொன்னால் அவ கேட்பா. வழியில் காணும்போது ஒருக்கா மெல்லக் கதைத்துப் பார்.

அன்புடன்,
உன் பழைய வாங்குச் சிநேகிதி